கூடுவாஞ்சேரியில் ஏரி பார்த்த வீடு: வாங்கலாமா, வேண்டாமா?

பொருநைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வேலை கிண்டியில், வாடகை வீடு ஆதம்பாக்கத்தில். பையனை அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அதற்குள் சொந்த வீடு என்று முடிவு செய்து, கையிருப்பையும் வங்கிக் கடனையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு தாம்பரத்தைத் தாண்டித்தான் நிற்கிறது. ஊரப்பாக்கம், பொத்தேரி எல்லாம் சுற்றிவிட்டு, கூடுவாஞ்சேரியில் நந்திவரம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்திருக்கிறோம். பால்கனிக் கதவைத் திறந்தால் நேரே ஏரி. மனைவி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மாமனார் மட்டும் கீழே இறங்கித் தெருவைச் சுற்றிவிட்டு வந்து, "தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்திலா?" என்று கேட்டார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர்.

கிண்டிக்கு அரை மணி நேரம், மழைக்காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றதில்லை, குடிநீருக்குக் கவலையே இல்லை என்று விற்பவர் தரப்பில் மூன்று உறுதிமொழிகள் கொடுத்திருக்கிறார்கள். இவற்றில் எதை நம்பலாம்? அங்கே குடியிருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கல்பட்டு வண்டி

முதல் உறுதிமொழிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மின்வண்டியில் கிண்டிக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வண்டிக்குள் ஏறிய பிறகான கணக்கு. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வருகிற வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகும் வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்காக நடைமேடையில் நிற்கிற நேரம்தான் உண்மையான தூரம். கிண்டியில் இருப்பவருக்குத் தாம்பரம் பக்கம். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி, இரவு ஒன்பது மணிக்குமேல், மிகத் தூரம்.

காலையில் வேறு கதை. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர், பொத்தேரி எல்லாம் ஏறி முடித்த பிறகுதான் வண்டி நம்மிடம் வரும். உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து புறப்படும் வண்டிக்கு மாறி, உட்கார்ந்து போவார்கள். பத்து நிமிடம் கூடும், முதுகு பிழைக்கும். தாம்பரம்–செங்கல்பட்டு மூன்றாவது பாதை 2022 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது வண்டிகள் மளமளவென்று கூடிவிடும் என்று நினைத்தோம். அதில் விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் ஓட இடம் கிடைத்தது, நமக்கும் கொஞ்சம் கிடைத்தது, அவ்வளவுதான்.

2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு இடையே ஏ.சி. மின்வண்டி ஓடுகிறது. குறைந்த கட்டணம் 35 ரூபாய், அதிகம் 105. மே மாத வெயிலில் அது வரம். ஆனால் சாதாரண சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதில் ஏற முடியாது. பரிசோதகரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது மாடி

ஏரி பார்த்த வீட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறேன், நந்திவரம் இல்லை, அதற்கு அடுத்த ஊர். விற்கும் எண்ணம் இல்லை. இணையத்தில் ஏரி என்றாலே வெள்ளம் என்று பயமுறுத்துகிறவர்கள், ஒரு மார்கழிக் காலையில் பால்கனியில் காப்பியோடு நின்றதில்லை. முக்குளிப்பான் மூழ்கி எங்கே எழும் என்று என் மகள் பந்தயம் கட்டுவாள். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைக்கும். தாழைக்கோழி, நாமக்கோழி, சில ஆண்டுகளில் கூழைக்கடா. வேடந்தாங்கல் இதே மாவட்டம்தான், அங்கே போகிற கூட்டத்தில் சிலர் வழியில் நம் ஏரியிலும் இறங்குகிறார்கள். மாலையில் கிழக்குக் காற்று அடித்தால் மின்விசிறி வேண்டாம்.

குறையும் உண்டு. ஆகாயத்தாமரை மூடிவிட்டால் ஏரி தெரியாது, பச்சைத் திடல்தான் தெரியும். சித்திரை, வைகாசியில் நீர் இறங்கும்போது நாற்றம் வரும். கொசுவலை இல்லாமல் ஜன்னலைத் திறக்க முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் இருக்கிறேன். ஆதம்பாக்கத்தில் எதிர்வீட்டுக் குளியலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மதகடி

மூன்றாவது மாடி சொன்ன பறவையும் காற்றும் உண்மை. நான் இந்த ஏரிகளுக்குக் கீழே பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து ஏரி தெரிகிறதா என்று கேட்காதீர்கள். ஏரிக்கு எந்தப் பக்கத்தில் வீடு இருக்கிறது என்று கேளுங்கள். செங்கல்பட்டுச் சீமையின் ஏரி என்பது பள்ளத்தில் தானாகத் தேங்கிய தண்ணீர் இல்லை. சரிவான நிலத்தில், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் மண்கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டிருப்பார்கள். மழை மேட்டிலிருந்து வழிந்து வந்து கரையில் முட்டி நிற்கும். திறந்த அந்த மேட்டுப் பக்கத்துக்கு உள்வாய் என்று பெயர். ஏரி முக்கால்வாசி நிரம்பும் ஆண்டுகளில் உள்வாயின் ஓரம் காய்ந்து கிடக்கும். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், பார்க்கிறவருக்கு மனைபோலவே தோன்றும். முழுக் கொள்ளளவு எட்டுகிற ஆண்டில் தண்ணீர் அங்கே வந்து நிற்கும். அது வெள்ளம் இல்லை, ஏரி தன் இடத்தில் நிற்கிறது.

கரைக்கு மறுபக்கம், அதாவது கீழே, ஆயக்கட்டு. மதகு வழியாகத் தண்ணீர் பாய்ந்த நெல் வயல். இன்றைக்கு நகர்கள் எழுந்திருப்பது பெரும்பாலும் இங்கேதான். இங்கே பட்டா சுத்தமாக இருக்கும், ஏனென்றால் அது உண்மையிலேயே யாரோ உழுத நிலம். ஆனால் வயலுக்கு நீர் பாய வேண்டும் என்றுதான் அதைத் தாழ்வாக, மட்டமாக வைத்திருந்தார்கள். நன்செய் என்று பதிவேட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அங்கே தண்ணீர் நிற்கிறதே என்று வியப்பதில் பயனில்லை.

மூன்றாவதாக, கலங்கல். ஏரி நிரம்பிய பிறகு உபரி நீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்குக் கரையின் ஒரு முனையில் கல் கட்டியிருப்பார்கள். அங்கிருந்து போக்குக் கால்வாய் அடுத்த ஏரிக்குப் போகும். இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாம் தொடர்தான். ஒன்றின் உபரி இன்னொன்றின் வரத்து. கடைசியில் ஆதனூர் வழியாக அடையாறு. கிழக்கே வண்டலூர்க் குன்றுகள், மேற்கே அடையாற்றின் தொடக்கம். நடுவில் குறுக்காக ஜி.எஸ்.டி. சாலையும் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) ரயில் பாதையும். மேட்டிலிருந்து வருகிற அத்தனை தண்ணீரும் இந்த இரண்டுக்கும் அடியில் உள்ள சிறுபாலங்கள் வழியாகத்தான் மேற்கே போக வேண்டும். சாலை எட்டு வழி ஆனது. சிறுபாலத்துக்குப் பின்னால் இருக்கிற கால்வாய் எத்தனை அடி ஆனது என்று போய்ப் பாருங்கள்.

யாரும் பேசாத சங்கதி ஒன்று இருக்கிறது. முன்பு ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய ஏரி, தை முதல் ஆயக்கட்டுக்குப் பாய்ந்து பாய்ந்து, கோடையில் அடி தெரிய வற்றும். வற்றிய ஏரியில் வண்டல் அள்ளி வயலில் கொட்டுவோம். அடுத்த மழைக்கு ஏரி காலியாகக் காத்திருக்கும். மதகைத் திறந்து அடைக்க ஊரே நெல் அளந்து ஓர் ஆளை வைத்திருந்தது. இப்போது ஆயக்கட்டு மனையாகிவிட்டது. பாய்ச்ச வயல் இல்லை. மதகைத் திறந்தால் யாருடைய வாசலிலோ தண்ணீர் போய் நிற்கும், அதனால் திறப்பதில்லை. போதாக்குறைக்கு நகர்களின் கழிவுநீர் பன்னிரண்டு மாதமும் வந்து சேர்கிறது. ஆகவே புரட்டாசியிலேயே ஏரி பாதிக்குமேல் நிறைந்திருக்கிறது. நிறைகுடத்தில் ஒரு செம்பு ஊற்றினாலும் வழியத்தான் செய்யும். முன்பு மூன்றாவது பெரிய மழைக்குக் கலங்கல் போன ஏரி, இப்போது முதல் மழைக்கே போகிறது. மழை கூடியதா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும், ஏரியை வேலை வாங்குகிற ஆள் போய்விட்டார்.

தம்பி, உங்கள் மாமனார் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அவர் விவசாயியா?

மனை நண்பன்

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தடத்தில் தொழில் செய்கிறேன். மதகடி ஐயா சொல்வதைக் கேட்டால் சென்னையில் எவரும் எங்கும் வீடு வாங்க முடியாது. தியாகராய நகர் எங்கே எழுந்தது? மாம்பலம் ஏரியில். வள்ளுவர் கோட்டம் எங்கே நிற்கிறது? நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாமல் லேக் வியூ சாலை இருக்கிறது. அங்கெல்லாம் இன்றைக்கு ஒரு மனை வாங்க யாருக்காவது முடிகிறதா? வேளச்சேரியிலும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள். அன்று பயந்தவர்கள் இன்று வாடகை கட்டுகிறார்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கி.மீ. மெட்ரோவுக்குத் திட்டம் தயார். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. காலதாமதம் செய்தால் இந்த விலைக்குச் செங்கல்பட்டில்கூடக் கிடைக்காது.

மதகடி

நண்பரே, தியாகராய நகரை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் நடந்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. ஏரியை மூடி நூறு ஆண்டு ஆன பிறகும் தண்ணீர் பழைய இடத்தைத் தேடித்தான் வருகிறது. அங்கே இருப்பவர்களுக்கு அதைத் தாங்குகிற பணம் இருக்கிறது, இறைக்க மோட்டார் வருகிறது, அமைச்சர்களும் வருகிறார்கள். நம் பக்கம் படகுதான் வரும்.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. பார்த்து வாங்கு என்கிறேன்.

மேகலா

இரண்டாவது, மூன்றாவது உறுதிமொழிகளுக்கு வருகிறேன். நான் கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருக்கிறேன், வேலை தாம்பரத்தில். ஆண்கள் மின்வண்டியைப் பற்றியும் பத்திரத்தைப் பற்றியும் எழுதிக்கொண்டே இருப்பீர்கள். வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் என்ன வருகிறது என்று ஒருவராவது கேட்டீர்களா?

குடியிருப்பு வளாகத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் வருகிறது. இடத்துக்கு இடம் மாறும். எங்கள் வளாகத்தில் உப்பு. குழாய் வாயில் வெள்ளைப் படிவம் கட்டும், துவைத்த துணி விறைக்கும், இட்லி அரிசியை ஊற வைக்கக்கூடக் கேன் தண்ணீர். அடுத்த தெருவில் நல்ல தண்ணீர். ஏரிக்குப் பக்கம் என்பதால் நிலத்தடி நீர் நன்றாக இருக்கும் என்பார்கள். மட்டம் மேலே இருக்கும், அது சரி. ஆனால் அந்த ஏரியில் கழிவுநீர் நின்றால் கிணற்றுக்குள் வருவதும் அதுதான். வாங்குவதற்கு முன் ஒரு பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதனைக் கூடத்தில் கொடுங்கள். விற்பவர் முகம் மாறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2019 கோடையில் சென்னை முழுவதும் தவித்தபோது லாரிகள் நம்மைப் போன்ற புறநகர்க் கிராமங்களின் கிணறுகளைத்தான் உறிஞ்சின. அப்போது ஏரியைச் சுற்றிலும் வீடு, வீட்டுக்கு லாரித் தண்ணீர். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

கழிவுநீர் பற்றி இன்னும் ஒன்று. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரி வரும். அந்த லாரி அள்ளிக்கொண்டு எங்கே போகிறது என்று எங்கள் சங்கத்தில் கேட்டேன். பதில் இல்லை. இரவு பதினொரு மணிக்கு ஏரிக்கரைப் பாதையில் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னோக்கி வந்த ஒரு லாரியை நானே பார்த்தேன். எண்ணை எழுதிக் கொடுத்தோம். வண்டி மாறியது, வேலை மாறவில்லை.

இதையெல்லாம் சொன்னாலும் இங்கேயேதான் இருக்கிறேன். காய்கறி மலிவு, பள்ளிக்கூடங்கள் நிறைய, பொத்தேரியில் பெரிய மருத்துவமனை, செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி. என் அம்மா தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வருகிறார். ஒன்றே ஒன்று: ஜி.எஸ்.டி. சாலையை நடந்து கடப்பது. எட்டு வழியில் வருகிற வண்டிகளுக்கு ஊர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வயதானவர்கள் நடுத்திட்டில் நின்றுகொண்டே இருப்பார்கள்.

கிளாம்பாக்கத்தான்

பொருநைக்கரையான் தெற்கத்திக்காரர் என்பதால் சொல்கிறேன், ஊருக்குப் போய்வர இந்த இடத்தை அடிக்க ஆள் இல்லை. 2023 டிசம்பர் 30-இல் முனையம் திறந்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து முன்பு கோயம்பேட்டில் இறங்கி, விடியற்காலையில் பெட்டியோடு திரும்பி வர வேண்டும். இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்கினால் வீடு கூப்பிடு தூரம். நகரத்துக்குள் இருப்பவர்கள்தான் திட்டுகிறார்கள், நியாயமாகவே. முனையம் கட்டியவர்கள் பக்கத்திலேயே ஓடுகிற ரயில் பாதையில் ஒரு நிலையம் வேண்டும் என்பதைப் பிறகுதான் கையில் எடுத்தார்கள். திறந்தபோது ரயிலில் வர நினைத்தவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நாள் மட்டும் வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள். பெருங்களத்தூரிலிருந்து வாகனம் நகராது. பால் வாங்கப் போனவர் பால் திரிந்த பிறகுதான் வருவார்.

வேறு ஒரு பயன் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். காற்று இந்தப் பக்கம் அடிக்கும் இரவுகளில் உயிரியல் பூங்காவிலிருந்து சிங்கத்தின் குரல் கேட்கும். ஊரிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ரயிலுக்கு மேற்கே

மழை பற்றி நான்தான் சொல்ல வேண்டும், எங்கள் பக்கம்தான் எல்லாம் வந்து சேர்கிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பெயர்களை நாடே தெரிந்துகொண்டது அப்போதுதான். ஆனால் அந்த அளவு மழை இல்லாத ஆண்டுகளிலும் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்தின் தாழ்ந்த நகர்களில் தண்ணீர் வந்திருக்கிறது. 2021 நவம்பரில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. முதல் நாள் மழையில் தெரு நனையும், அவ்வளவுதான். மழை விட்ட பிறகு, வெயில் அடிக்கும்போது, மேலே உள்ள ஏரிகள் கலங்கல் போய் அந்தத் தண்ணீர் மெதுவாக வந்து ஏறும். வெளியூரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. "மழைதான் விட்டுவிட்டதே" என்று தொலைபேசியில் கேட்பார்கள்.

விற்பவரிடம் கேட்காமல் தெருவிடம் கேளுங்கள். மாமனார் செய்தது அதுதான். மதில் சுவரில் பூச்சுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரே மட்டமாக ஒரு கோடு ஓடுகிறதா? புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்கள், மின்மாற்றித் தூணைப் பாருங்கள். மின் அளவிப் பெட்டி நெஞ்சு உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா? மோட்டார் சுவிட்சு எந்த உயரத்தில் இருக்கிறது? மளிகைக் கடையில் அரிசி மூட்டை தரையில் இருக்கிறதா, பலகை மேடையிலா? பழைய வீடுகளின் வாசற்படி சாலைக்குக் கீழே இறங்குகிறதா? பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசே உத்தரவு போட்டது. எங்கள் தெரு வரை அது வந்து சேரவில்லை, சாலை ஏற ஏற வீடு இறங்குகிறது. கடைசியாக, இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு விற்க எதுவும் இல்லை.

மனை நண்பன்

தரைத்தளத்தில் வண்டி நிறுத்தம், வீடு முதல் மாடிக்கு மேல். தண்ணீர் வந்தாலும் வீட்டுக்குள் எப்படி வரும்? இதற்குப் போய் இத்தனை கலவரமா?

மேகலா

வீட்டுக்குள் வராது சார். மின்தூக்கிக் குழிக்குள் வரும். நிலத்தடித் தொட்டிக்குள் வரும், அதாவது குடிக்கிற தண்ணீருக்குள். மின்சாரத்தை வாரியமே நிறுத்திவிடும், பிறகு மோட்டார் ஓடாது. நாலாவது மாடியில் இருக்கும் என் தோழி, கைக்குழந்தையோடு, கழிவறைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் இருந்தாள். அவள் வீட்டுத் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வில்லங்கம்

பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆவணம் பார்ப்பது என் தொழில். பெரும்பாலானவர்கள் வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வங்கி வழக்கறிஞரின் கருத்து ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது நிலம் யாருடையது என்பதை. தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: புல எண்ணை வாங்கிக்கொண்டு, வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு மூன்றையும் எடுங்கள். வட்டம் வண்டலூர், 2019-இல் புது மாவட்டத்தோடு வந்தது, பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு வட்டம் என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம். உங்கள் புல எண்ணோடு நிறுத்தாதீர்கள். அதைச் சுற்றியுள்ள எண்களுக்கும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஏரி, வாய்க்கால், ஓடை, களம், மேய்க்கால் என்று அரசு புறம்போக்கு வகைப்பாடு அதில் வரும். கிராம வரைபடத்தில் அந்த வாய்க்கால் எண் எங்கிருந்து தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று விரலை வைத்துத் தொடருங்கள். பிறகு அதே வழியில் காலால் நடந்து பாருங்கள். படத்தில் வாய்க்கால் இருந்து தரையில் இல்லை என்றால் பிரச்சினை இருக்கிறது என்று பொருள்.

மனைப்பிரிவு அனுமதி டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்ததா, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கொடுத்ததா என்பதையும் பாருங்கள். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 1,189-இலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கினார்கள். அனுமதி இல்லாத மனைகளை 2017-இல் வரன்முறைப்படுத்தினார்களே, அந்த வகையா என்றும் கேளுங்கள். வரன்முறை என்பது அபராதம் கட்டி வாங்கிய காகிதம். அது கால்வாயைத் திரும்பத் தோண்டிக் கொடுக்காது. ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் அப்படித்தான், கட்டுநர் ஒழுங்காகக் கட்டிக் கொடுப்பாரா என்பதற்குத்தான் அது.

ஏரி யாருடைய பொறுப்பு என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் உள்ளாட்சி. ஆயக்கட்டில் ஒரு ஏக்கர்கூடப் பயிர் இல்லாத ஏரிகளுக்கும் இன்றைக்கும் கணக்கு இதுதான். மனு எழுதும்போது முகவரி சரியாக இருந்தால் ஆறு மாதம் மிச்சம்.

மூன்றாவது மாடி

இவ்வளவு படித்த பிறகு எனக்கே என் புல எண்ணைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பார்த்துவிட்டேன். உள்வாய்க்கு வெளியே, மேட்டில்தான் இருக்கிறோம். நிம்மதி.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சேலையூருக்கு அந்தப் பக்கம் சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் ஏரிகளை மீட்டது, கரையில் குடியிருந்தவர்கள் விடாமல் கேட்டதால்தான். ஏரியைப் பார்த்து வீடு வாங்கியவனுக்குத்தான் அது நாறினால் வலிக்கும். எல்லோரும் மதகடி ஐயா பேச்சைக் கேட்டு விலகிப் போய்விட்டால் ஏரிக்காக மனு எழுத யார் இருப்பார்கள்?

மதகடி

இது நியாயமான பேச்சு. எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் மனு எழுதும்போது நடைபாதையும் படகும் நீரூற்றும் கேட்பதற்கு முன்னால், மழைக்கு முன் ஏரியைக் குறைத்து வைக்க மதகுக்கு ஒரு வழி கேளுங்கள். மதகிலிருந்து போக்குக் கால்வாய் வரை மூடிய குழாயாவது போட்டால் ஆவணியில் திறந்துவிடலாம். அதைக் கேட்டு ஒரு சங்கம்கூட மனு கொடுத்து நான் பார்த்ததில்லை. கரையில் நடக்கக் கல் பதித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் போதுமாக இருக்கிறது. ஆழப்படுத்துவதும் அப்படித்தான். தூர் வாரினால் ஏரி கூடுதலாகக் கொள்ளும். வற்ற வைக்க வழி இல்லாவிட்டால் அந்தக் கூடுதலிலும் கழிவுநீர்தான் நிற்கும்.

பொருநைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. மாமனார் விவசாயி இல்லை ஐயா, மின்வாரியத்தில் கம்பியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு அவர் கீழே பார்த்தது மின் அளவிப் பெட்டியைத்தான் என்று இப்போது கேட்ட பிறகு சொல்கிறார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே உயரத்துக்கு ஏற்றியிருக்கிறதாம்.

வில்லங்கம் சொன்னபடி புலப்படம் எடுத்தேன். எங்கள் குடியிருப்பின் வடக்கு எல்லையை ஒட்டி இரட்டைக் கோட்டில் ஒரு வாய்க்கால் போகிறது. நேரில் அந்த இடத்தில் சிமெண்ட் சாலை இருக்கிறது, ஓரத்தில் ஒன்றரை அடி அகல வடிகால். குடியிருப்பு பட்டா நிலத்தில்தான், பத்திரத்தில் குறை இல்லை. விற்பவரிடம் கேட்டேன், "அதெல்லாம் அந்தக் காலத்து வாய்க்கால்" என்றார். இஸ்திரிக்காரரிடமும் கேட்டேன். அவர் தம் வண்டியின் சக்கரத்தைக் காட்டினார், அச்சுக்கு மேலே.

மனை நண்பன்

விலையில் குறைத்துக் கேளுங்கள். நான் வேண்டுமானால் பேசித் தருகிறேன். இதே காரணத்தைக் காட்டி நல்ல தொகை இறக்கலாம்.

வில்லங்கம்

நீங்கள் இறக்கி வாங்கினால் நாளைக்கு விற்கும்போது அடுத்தவரும் இதே படத்தை எடுத்து வைத்து இறக்கிக் கேட்பார், அவ்வளவுதான்.

பொருநைக்கரையான்

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. வீட்டில் பேசினோம். மனைவிக்கு ஏரி வேண்டும், எனக்கு மின்வண்டி வேண்டும், மாமனாருக்கு மேடு வேண்டும். இப்போதைக்கு அந்தப் பக்கமே வாடகைக்கு வந்து ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிடுவது என்று முடிவு. பள்ளிச் சேர்க்கைக்கு அந்த முகவரி போதும். மேகலா சகோதரி, வாடகைக்கு எந்தப் பக்கம் பார்ப்பது?

மேகலா

நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள், இரண்டு சக்கர வண்டி நிறுத்தக் காசும் மிச்சம், இரவில் தாமதமானாலும் வீடு வந்துவிடலாம். தரைத்தளம் வேண்டாம். தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், எங்கள் வளாகத்தில் காலை ஐந்தரைக்குப் போட்டு ஆறரைக்கு நிறுத்திவிடுவார்கள்.

செங்கல்பட்டு வண்டி

சீசன் டிக்கெட் எடுக்கும்போது கிண்டியோடு நிறுத்தாமல் கடற்கரை வரை எடுங்கள். வித்தியாசம் கொஞ்சம்தான், ஞாயிற்றுக்கிழமை பையனை மெரினாவுக்குக் கூட்டிப் போகலாம்.